என் தலைவலிக்காக மாறிய வீடு

எனக்குத் தலைவலி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும் முன்னால் மதினிக்குத் தெரிந்துவிடும். சொந்த மதினி இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவள். என் வீட்டுக்காரரை அவள் தம்பி என்று கூப்பிட்டாள், நான் அவளை மதினி என்று கூப்பிட்டேன், அப்படியே உறவாகிப் போனது. வாயில் "நீங்க, வாங்க" என்றுதான் வரும். மனதுக்குள் எப்போதும் "நீ"தான். அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள அவள் இப்போது இல்லை.

லயத்துக் காம்பராவைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நீளக் கட்டடத்தை வரிசையாகத் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பம் என்று வைத்திருப்பார்கள். எங்கள் லயத்தில் அந்தத் தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேலே தகரம் எல்லாருக்கும் பொது. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். புருஷன் பெண்சாதி சண்டை என்றால் நாலு காம்பரா தள்ளி நியாயம் சொல்வார்கள்.

அந்தச் சுவருக்கு மேலாகத்தான் மதினி என் தலையைப் படித்தாள்.

வேலை முடிந்து வந்து நான் அடுப்பு மூட்டும்போது கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும். அது அவளுக்கு ஒரு அடையாளம். சீனி டின்னுக்குள் நான் கரண்டியை விட்டுச் சுரண்டினால் இன்னொரு அடையாளம். வலி வருவதற்கு முதல் நாள் எனக்கு இனிப்பு வேண்டும் போல இருக்கும், ஏன் என்று அப்போது தெரியாது. மூன்றாவது அடையாளத்தை லயமே சொல்லிச் சிரிக்கும். எப்போதும் பேசுகிறவள் நான். அன்றைக்கு இன்னும் கூடப் பேசுவேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"ஏ புள்ள, இன்னிக்கு ஒன் வாய் நிக்கவே இல்ல. நாளைக்குத் தலை வரும். வெள்ளனச் சாப்பிட்டுட்டுப் படு."

"ஒங்களுக்கு வேற வேலை இல்லையா மதினி? எங்காம்பராவுலயே காத வச்சிருக்கீங்க."

"நான் எங்க வச்சேன்? தகரம் கொண்டாந்து போடுது."

மறுநாள் சொன்னபடி வரும். வலது கண்ணின் ஓரத்தில் முதலில் ஒரு வெளிச்சம். வாள் பல் மாதிரி கூர்கூராக, வளைந்து, நடுங்கிக்கொண்டே இருக்கும். அது போனதும் வலது பக்கத்து நெற்றிப்பொட்டில் இடி தொடங்கும். ஒத்தைத் தலைவலி என்று பெயர் சொல்கிறோமே, அது ஒத்தையாக வராது. வாந்தியைக் கூட்டிக்கொண்டு வரும். விறகுப் புகை, தேங்காய் எண்ணெய், வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியிலிருந்து சட்டையில் கொண்டு வருகிற வாசம், எல்லாம் பகையாகிவிடும். மதினி அதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தாள்: "ஒந்தலைக்குள்ள ஒருத்தன் உக்காந்து கவ்வாத்து வெட்டுறான் புள்ள." தேயிலைச் செடியைக் கத்தியால் அடியோடு அடியாக வெட்டி மொட்டையாக்குவதுதான் கவ்வாத்து. வெட்டி முடித்த மலையில் வெறும் குச்சிகள்தான் நிற்கும். என் தலை அப்படித்தான் இருந்தது. அவளை விடப் பொருத்தமாக யாரும் சொன்னதில்லை. இப்படி மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற பேச்சுகளைச் சேர்த்து வைக்கிறது எனக்கு ஒரு பழக்கம். என்னிடம் இருப்பதில் பாதி அவளுடையது.

வலி வந்த நாளில் நான் சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டு, ஈரத் துணியைக் கண்ணுக்கு மேல் போட்டுக் கிடப்பேன். மதினி லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நடந்துபோய், "அதுக்குத் தலை வந்துருச்சு, டீவியக் கொறைங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். அவளுக்கோ சத்தம் என்றால் உயிர். அவள் காம்பராவில் ரேடியோ விடிய எழும்பிப் பாட ஆரம்பித்தால் அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வரை பாடும். அதன் காதைத் திருகுகிற டக் சத்தம்தான் எனக்கு முதல் மருந்து. வருஷக் கணக்கில் பாதி நாள் அவள் எனக்காகப் பாட்டுக் கேட்காமல் இருந்தாள்.

மலையில் எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று, வெள்ளை மாத்திரை. விடிய பெரட்டுக்கு, அதுதான் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு, பேர் கொடுக்க ஓட வேண்டும். ரொட்டி தட்ட நேரம் இருக்காது. வெறும் வயிற்றில் பால் இல்லாத சாயத் தண்ணியைக் குடித்து, அதோடு ஒரு மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஓடுவோம். கொழுந்துச் சாக்கின் கயிறு உச்சந்தலையில் இறங்கும். கொழுந்து கூடக் கூடக் கயிறும் அழுத்தும். பத்து மணி வெயிலில் இன்னொரு மாத்திரை. வெற்றிலை மாற்றிக்கொள்கிற மாதிரி மாத்திரையை மாற்றிக்கொள்வோம். "அக்கா, ஒண்ணு இருந்தாத் தாங்க" என்று நிரைக்கு நிரை கை நீளும். என் மடியில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். வலி வந்தால் போடுவது போய், வந்துவிடுமோ என்று போட ஆரம்பித்திருந்தேன். அதற்குப் பிறகுதான் மாதத்தில் பாதி நாள் தலை வந்தது.

ஒரு தடவை மலையிலேயே வாந்தியெடுத்துச் செடிக்குள் விழுந்தேன். கங்காணி வந்து பார்த்துவிட்டு, "ஒனக்குத் தலைவலின்னா எனக்குக் கணக்கு வலி. நாளைக்கும் இப்படின்னா வராத" என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவர் பாடு அவருக்கு. அடுத்த கிழமை மதினி தன் வேலையையும் விட்டுவிட்டு என்னை நோர்வூட்டில் பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. தமிழ் படித்துக்கொண்டு வந்திருந்தார். மதினி அதைக் கவனிக்காமல், "மிஸ், மேயாட்ட ஒலுவ கெக்கும" என்று தன் சிங்களத்தில் என் தலைவலியைச் சொல்ல, டொக்டர் தமிழில், "எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும் அம்மா?" என்று கேட்டார். நான் முழித்தேன். நேற்று வந்ததே எனக்கு நினைவில் நிற்காது. மதினி ஆரம்பித்தாள்.

"போன சம்பளத்தன்னிக்கு ஒண்ணு வந்துச்சுங்க. பெறகு சங்கக் கூட்டம் நடந்துச்சே, அன்னிக்கு. எங்காம்பராவுல பலாக்கா சமைச்ச அன்னிக்கு ஒண்ணு. அது பலாக்காயாலதான்னு நெனைக்கிறேன்."

"பலாக்காயால இல்லை," என்று டொக்டர் சிரித்தார். "ஆனா சொல்லுங்க, நல்லா சொல்றீங்க."

"பலாக்காதான் டொக்டர். இது ரெண்டு தடவை வாங்கித் தின்னுச்சு."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டொக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் புதிது. இந்த வலி பிறவியிலேயே சிலர் தலைக்கு எழுதியது, அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். வெறும் வயிறு ஆகாது. தூக்கம் தினமும் ஒரே நேரத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அதே நேரத்துக்கு எழும்ப வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தலையில் கயிறு அழுத்தாமல் பார்க்க வேண்டும். சத்தமும் கண் கூசுகிற வெளிச்சமும் குறைய வேண்டும். இரவில் போடுவதற்கு வேறொரு மாத்திரை தந்தார், அது வந்த வலியை நிறுத்துவதற்கு இல்லை, வராமல் தடுப்பதற்கு. கடைசியாக, தினமும் போடுகிற வெள்ளை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அதைக் கூடப் போடுவதாலேயே தலை அதற்குப் பழகி வலியைக் கேட்டு வாங்குகிறதாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் மதினி புது மாத்திரைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நாம இவ்வளவு நாளும் வலிக்குச் சோறு போட்டு வளத்திருக்கோம் புள்ள" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினாள். மடியில் இருந்த அட்டையைக் கொடுத்தேன். தன் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த நாட்கள் எந்த விரோதிக்கும் வரக்கூடாது. நிறுத்தின மாத்திரை பழிவாங்கியது. காலையில் தலை, மத்தியானம் தலை, படுத்தால் தலை. ஒரு சாயந்தரம் தாங்க முடியாமல் சுவரைப் பார்த்துக் கெஞ்சினேன்.

"மதினி, ஒண்ணே ஒண்ணு தாங்க."

"இல்ல."

"பாதி."

"இல்ல புள்ள."

"பாவி. நீங்க நல்லா இருப்பீங்களா? ஒங்களுக்கு ஈரமே கெடையாதா?"

"ஈரம் இருக்கு. துணி நனைச்சுத் தரவா?"

மூன்றாம் காம்பராவிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல், "ஏம்மா, அந்தப் புள்ளைக்குத்தான் ஒண்ணக் குடுத்துத் தொலையேன், நாங்களாவது தூங்குவோம்" என்றது. லயமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து, சிரித்ததில் தலை இன்னும் இடித்து, அழுகையும் வந்தது. மதினி எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்து, உள்ளங்கால் இரண்டையும் சூடு வரத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தலையைத் தொட்டால் எனக்கு ஆகாது என்று தெரிந்து காலைத் தேய்த்தவள் அவள் ஒருத்திதான்.

அப்புறம் மெல்ல மெல்ல இறங்கியது. விடிய அவள் காம்பராவில் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கும் சேர்த்துத் தட்டுகிறாள் என்று அர்த்தம். நான் தின்று முடிக்கும் வரை வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். "பெரட்டுக்குப் பிந்துது மதினி." "பிந்தட்டும். வயித்துல ஒண்ணும் இல்லாம போனா ஒன்ன நாந்தான தூக்கிட்டு வரணும்." சாக்குக் கயிற்றில் பழைய சேலையை மடித்துச் சுற்றித் தோளுக்கு இறக்கிக் கட்டித் தந்தாள். மற்ற பெண்கள், "என்னா, பள்ளிக்கூடப் புள்ள மாதிரி பையை மாட்டிக்கிட்டு வர்ற" என்று கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் ரெண்டு மூணு பேரும் அப்படியே மாட்டிக்கொண்டார்கள்.

இந்த நிலைமையில்தான் தனி வீடு வந்தது.

தனி வீடு வேண்டும் என்று கத்தினவர்களில் நாங்களும் உண்டு. லயத்தை நான் அழகாகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மழைக்கு ஒழுகும். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்ற மறைவு கிடையாது. ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்ட அன்றைக்கு, "எங்களுக்குக் கூரை முட்டுற சுவர் வேணும்" என்று முன்னால் நின்று கத்தினவள் மதினிதான். தகரம் கொண்டு வந்து போட்ட சத்தத்தாலேயே என்னைக் காப்பாற்றினவள், அந்தச் சுவரைக் கேட்டாள். நானும் பின்னால் நின்று கத்தினேன். எங்களுக்கு வேண்டியதுதான் அது. ஆனால் சுவர் எழும்பினால் எது நின்றுபோகும் என்று அந்த ரோட்டில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீடு கட்டி முடிந்து யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்கள். மதினி புருஷனை இழந்தவள், மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவள் பேருக்கு விழுந்தது மேட்டில், காட்டோரத்தில், கடைசி வீடு. ஆள் நடமாட்டமே இல்லாத இடம். எங்களுக்கு விழுந்தது கீழே, கோயிலுக்குப் பக்கத்து வீடு. கோயில் கொழாய் ரேடியோ, அந்த ஒலிபெருக்கி, எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் ஒடிந்து போனேன். கொழாயால் இல்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சரிவும் படிக்கட்டும் வந்துவிட்டதே என்று. என் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல், எங்களுக்கு அடுத்த வீட்டுச் சீட்டு விழுந்த குடும்பத்திடம் போய்ப் பேசினார். மேட்டு வீட்டுக்குத் தோட்டம் போடக் காணி கூடுதல் என்பதால், அவர்கள் மதினியோடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். சந்தோஷமாக ஓடிவந்து சொன்னார்.

"அக்கா, முடிஞ்சுது. நீங்க எங்களுக்குப் பக்கத்துலயே வந்துரலாம்."

மதினி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். பிறகு துப்பிவிட்டு, "வேணாம் தம்பி" என்றாள்.

"என்னக்கா வேணாம்?"

"பக்கத்துல வந்து? மார்கழி மாசம் பூராவும் விடியக்காலையில கொழாய் பாடும். திருவிழான்னா நாள் கணக்கா. நான் பக்கத்துல உக்காந்துகிட்டு, இந்தா தலை வரப்போவுது, இந்தா வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமா? டொக்டர் என்னா சொல்லுச்சு? சத்தம் ஆவாதுன்னுச்சு. நீங்க மேட்டுக்குப் போங்க. நான் கோயிலடியில இருக்கேன்."

"எனக்கு நீங்கதான் வேணும் மதினி. கொழாய் பாடினா பாடிட்டுப் போகுது" என்றேன்.

"அடி போடி. எனக்குச் சத்தம் புடிக்கும். ஒம்பக்கத்துல இருந்து இவ்வளவு காலமும் நான் ஒரு பாட்ட முழுசாக் கேட்டுருக்கேனா? இனியாவது கேக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது உண்மையும்தான். எவ்வளவோ மறுத்தேன், நாலு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்தேன். அவள் என் வீட்டுக்காரரையும் சம்மதிக்க வைத்து, நேராகத் தோட்டத்துத் துரை ஒப்பீசுக்குப் போய், அவள் வீட்டை எங்களுக்கும் எங்கள் வீட்டைத் தனக்கும் மாற்றி எழுதிவிட்டு வந்தாள்.

மேட்டு வீட்டுக்குப் போன முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு பக்கமும் கல் சுவர், கூரை வரைக்கும். அந்தப் பக்கம் யாரும் புரண்டு படுக்கவில்லை, இருமவில்லை. என் வீட்டுக்காரர், "என்னா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார்.

ஆனால் தலைக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. பொய் சொல்ல முடியாது. விறகடுப்பு தனியாக, வெளியில். படுக்கிற அறைக்கு ஒரு ஜன்னல்தான், அதுவும் காட்டைப் பார்த்தபடி. ஒரே நேரத்துக்குத் தூக்கம், ராத்திரி மாத்திரை, காலை ரொட்டி. மாதத்தில் பாதி நாள் வந்த தலை மாதத்துக்கு ஒன்று இரண்டு என்று குறைந்தது.

மதினி தினமும் விடிய போன் அடிப்பாள். "தின்னியா?" என்பதுதான் முதல் கேள்வி. "இந்தப் போனுல கொட்டாவி கேக்க மாட்டேங்குது புள்ள, நீயே சொன்னாத்தான் உண்டு" என்பாள். சாயந்தரத்தில் சில நாள் படி ஏறி வருவாள். வந்தவள் உடனே பேசமாட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள்.

"என்னா மதினி இப்படி எளைக்குது? கிளினிக்குல காட்டுவோம்."

"ஒன் வீட்டைக் கொண்டுபோய் வானத்துல வச்சிருக்காங்க, எளைக்காம என்ன செய்யும்? மொதல்ல சாயத் தண்ணி ஊத்து."

அடுத்த கிளினிக்கு அவளையும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தோம். அவளும் வருகிறேன் என்றுதான் சொன்னாள்.

மார்கழி பிறந்து சில நாள் இருக்கும். பனி கொட்டுகிற காலை. கீழே கொழாய் பாடுவது மேட்டுக்குக் காற்றோடு லேசாக வரும், பக்கத்தில் யாரோ முணுமுணுக்கிற மாதிரி. அன்றைக்கு எனக்குத் தலை தெளிவாக இருந்தது. ரொட்டி தின்றேன். அவளிடமிருந்து போன் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. குளிருக்குப் படுத்திருப்பாள், இல்லாவிட்டால் கோயிலுக்குப் பொங்கல் வாங்கப் போயிருப்பாள் என்று பெரட்டுக்குப் போனேன். பெரட்டில் கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டார். யாரும் குரல் கொடுக்கவில்லை. அப்போதே நான் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆம்பிளைகள் வந்து ஜன்னல் கம்பியைப் பெயர்த்து உள்ளே இறங்கித் திறந்தார்கள். அடுப்படியில் ஒருக்களித்துக் கிடந்தாள். ரொட்டி மாவு பிசைந்தது அப்படியே சட்டியில் இருந்தது. தனியாள் ஒருத்திக்கு அவ்வளவு மாவு தேவையில்லை. எனக்கும் சேர்த்துப் பிசைகிற பழக்கம் விடவில்லை போல.

மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடனே கொண்டு வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த வீட்டு மனிதர் கோயில் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "ஏதோ தட்டுற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சும்மா. கொழாய் பாடிக்கிட்டு இருந்துச்சு. பூனைன்னு நெனச்சுட்டேன். லயமா இருந்தா இந்நேரம்..." என்றார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதுச் சுவர், தடித்த சுவர். அவர் என்ன செய்வார்? நாங்கள் எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்து கேட்டு வாங்கின சுவர்.

மகன் கொழும்பிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆனது. அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, என்னிடம் வந்தான். தப்பு அடிக்கிறவர்கள் வந்து முற்றத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, அடிக்கச் சொல்லவா, வேணாமா? போன் எடுத்தாலே அம்மா ஒங்க தலையப் பத்தித்தான் பேசுவாங்க. சத்தம் ஒங்களுக்கு ஆவாதுல்ல."

செத்துக் கிடக்கிற நேரத்திலும் என் தலையையே பார்க்கச் சொல்லி ஒருவனை வளர்த்து வைத்திருக்கிறாள்.

"அடிக்கச் சொல்லுய்யா," என்றேன். "நல்லாப் பெலமா அடிக்கச் சொல்லு. ஒங்கம்மாவுக்குச் சத்தம் புடிக்கும்."

அடித்தார்கள். வெடி போட்டார்கள். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தக் குளிர்ந்த உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் மாறி மாறி என்னைப் பார்த்தார்கள், "எழும்பி உள்ள போ, தலை வந்துரும்" என்று காதில் சொன்னார்கள். வரட்டும் என்றுதான் இருந்தேன். வந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் போல. வரவில்லை. அவ்வளவு சத்தத்திலும், அவ்வளவு அழுகையிலும், சோறு தண்ணி இல்லாத அந்த நாள் முழுக்க, தலை பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தேன்.

காரியம் முடிந்து மகன் கொழும்புக்குத் திரும்பும்போது அந்த வீட்டை என்ன செய்வது என்று கேட்டான். மேட்டு வீட்டை அவனுக்குத் தந்துவிட்டு நாங்கள் கோயிலடிக்குப் போகிறோம் என்றேன். வாய் தவறிச் சொன்னதில்லை, நினைத்துத்தான் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா மாத்தி எழுதுனத நான் திருப்பி எழுதமாட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். கீழ் வீடு பூட்டிக் கிடக்கிறது.

தை மாதத்தில் கிளினிக் வந்தது. போகக்கூடாது என்று இருந்தேன். வீட்டுக்காரர் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். பழைய டொக்டர் மாறிப் போயிருந்தார். இப்போது இருப்பது தமிழ்ப் பிள்ளை, நல்ல பொறுமையான பையன். என் கிளினிக் கார்டை முன்னும் பின்னும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லாக் கொறைஞ்சிருக்கே அம்மா. முந்தி மாசத்துல பாதி நாள்னு எழுதியிருக்கு. மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"போடுறேங்க."

"மாத்திரையால மட்டும் இவ்வளவு கொறையாது. வேற என்னா மாத்துனீங்க? சொல்லுங்க, இங்க வர்ற மத்த ஆக்களுக்கும் சொல்லலாம்."

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்றேன். கயிற்றைத் தோளில் மாட்டுகிறேன் என்றேன். வெள்ளை மாத்திரையை விட்டுவிட்டேன் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற?"

"வீடு மாறினோம்."

"லயத்துல இருந்தா? அது நல்லதுதான். இப்ப இருக்கிற எடம் எப்படி, சத்தம் கித்தம்?"

"சத்தமே இல்லைங்க டொக்டர்."

"அதை அப்படியே வச்சுக்கோங்க," என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.